போறேன் என்றாள், சரி என்றேன்

முதலில் போனது என் இடது செருப்பு.

மலேசியாவின் ஈப்போ நகரில், காலை நேரத்துப் பாசாரில், வழக்கமாக மீன் வாங்கும் கடைக்கு முன்னால் வந்து நின்றேன். சந்தையை நாங்கள் பாசார் என்றுதான் சொல்வோம். கடைக்காரர் என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தார்.

“என்னாண்ணே, ஒத்தச் செருப்போட வாறீங்க. இன்னொன்ன காய்கறிக் கடையில வித்துட்டீங்களா?”

“இல்ல, விக்கல,” என்றேன்.

குனிந்து பார்த்தால், என் இடது கால் வெறுங்காலாக ஈரச் சிமெண்டில் நின்றுகொண்டிருந்தது. செருப்பு எங்கே கழன்றது, எவ்வளவு தூரம் அப்படியே நடந்து வந்தேன் என்று தெரியவில்லை. தரையின் ஈரமும் தெரியவில்லை. கடைக்காரர் சிரிப்பை நிறுத்திவிட்டு ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டார். என் வாயின் இடது ஓரம் இறங்கியிருந்ததை அவர் கண்டுகொண்டார். அவருடைய அம்மாவுக்கும் அப்படித்தான் ஆரம்பித்ததாம். மீனை அப்படியே போட்டுவிட்டு, மீன் ஏற்றும் வேனிலேயே என்னைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்.

அந்தச் செருப்புத்தான் என் நோயின் முதல் அறிகுறி என்று வெகுநாள் நினைத்திருந்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை. ‘வித்துட்டீங்களா’ என்று ஒரு மனிதர் விளையாட்டாகக் கேட்டார். நான் சாட்சிக் கூண்டில் நிற்பவனைப் போல ‘விக்கல’ என்று பதில் சொன்னேன். முதல் அறிகுறி அந்தப் பதில்தான். அதை நானும் கவனிக்கவில்லை, வேறு யாரும் கவனிக்கவில்லை.

பக்கவாதம் வந்து, கைகால் திரும்பி, பார்ப்பவர்கள் எல்லாம் ‘நல்லாயிட்டீங்களே’ என்று சொன்ன பிறகும் வீட்டுக்குள் ஏதோ ஒன்று திரும்பவில்லை என்று நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். எனக்கு யாராவது முன்பே சொல்லியிருந்தால் சில மாதங்கள் மிச்சமாகியிருக்கும்.

மூளையின் வலது பாதியில் ஒரு இரத்தக் குழாய் அடைத்திருந்தது. நேரத்தோடு கொண்டுவந்ததால் இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியைப் போட முடிந்தது. ஒன்பது நாள் வார்டில் இருந்தேன். என் மனைவி கோமதி பகல் முழுவதும் கட்டிலின் வலது பக்கம் உட்கார்ந்திருந்தாள். இடது பக்கம் உட்கார்ந்தால் அவள் வந்திருப்பதே எனக்குத் தெரியவில்லை. இதற்கு இடப்பக்கப் புறக்கணிப்பு என்று பெயர் (கண்ணில் குறை இல்லாமலேயே, இடது பக்கம் இருப்பதை மூளை கணக்கில் எடுக்காமல் விடுவது). தட்டில் வலது பாதிச் சோற்றை மட்டும் சாப்பிட்டுவிட்டுப் போதும் என்பேன். கோமதி தட்டை அரைச் சுற்று திருப்பி வைப்பாள். மீதிச் சோறு அப்போதுதான் என் கண்ணுக்கு வரும்.

“பேச்சு போகல, அது பெரிய விஷயம்,” என்றார் டாக்டர். பெரும்பாலானவர்களுக்குப் பேச்சு மூளையின் இடது பக்கம் இருக்கிறது. என் இடது பக்கத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. மாதங்களின் பெயரை வரிசையாகச் சொல்லச் சொன்னார்கள். தமிழில் ஒரு முறை, மலாயில் ஒரு முறை, ஆங்கிலத்தில் ஒரு முறை சொன்னேன். பக்கத்துக் கட்டில்காரர் கைதட்டினார். கோமதி அழுதாள்.

அவள் அழுததற்குக் காரணம் இருந்தது. முப்பத்தோரு வருடம் நான் நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளனாக இருந்தவன். பத்து காஜா என்ற ஊரில் பல வருடம், பிறகு ஈப்போவில். தமிழ் மட்டும் தெரிந்தவர்கள் கூண்டில் ஏறி நின்றால், அவர்கள் சொல்வதை மாஜிஸ்திரேட்டுக்கு மலாயில் சொல்வது என் வேலை. ஓய்வு பெற்று ஒரு வருடம்கூட ஆகவில்லை. என் பிழைப்பு, பெருமை எல்லாமே வாயில்தான் இருந்தது.

அந்த வேலையைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்லியாக வேண்டும். ஒரு முறை, வேலைக்குப் புதிதாகச் சேர்ந்த ஒருவர் தோட்டத்துச் சாட்சி ஒருவருக்கு மொழிபெயர்த்தார். சம்பவம் நடந்தபோது எங்கே இருந்தாய் என்று கேள்வி. “நான் மரத்துல இருந்தேங்க,” என்றார் சாட்சி. புதியவர், இவர் மரத்தின் மேல் இருந்தார் என்று மலாயில் சொல்லிவிட்டார். கோர்ட்டே சிரித்தது. நான் எழுந்து திருத்தினேன். ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவனுக்குத் தெரியும், பால் வெட்டுகிறவர் ‘மரத்துல இருந்தேன்’ என்றால் வேலையில் இருந்தேன் என்று அர்த்தம். என் அப்பாவும் அப்படித்தான் சொல்வார்.

இன்னொரு வழக்கில், பக்கத்து வீட்டுக்காரரை மிரட்டியதாக ஒருவர் மேல் புகார். அவர் சொன்னது ஒரே வார்த்தை. “பாத்துக்கிறேன்.” மாஜிஸ்திரேட் என்னிடம் கேட்டார், இதற்கு என்ன பொருள் என்று. உடம்பு சரியில்லாத ஒருவரிடம் இதைச் சொன்னால், உன்னைக் கவனித்துக்கொள்கிறேன் என்று பொருள். வேலிச் சண்டையில் விரலை நீட்டிக்கொண்டு சொன்னால் அது வேறு என்றேன். அவர் எப்படி நின்றார், அதற்கு முன்னால் யார் என்ன பேசினார்கள் என்று சாட்சியிடம் கேளுங்கள், பிறகுதான் என்னால் மொழிபெயர்க்க முடியும் என்றேன். அவர் அப்படியே கேட்டார். அன்று வீட்டுக்கு வந்து கோமதியிடம் இதைப் பெருமையாகச் சொன்னேன்.

அப்படி இருந்தவன்தான் நான்.

நான்கு மாதத்தில் கை திரும்பிவிட்டது. வேர்க்கடலையை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கிண்ணத்தில் போடும் பயிற்சி, ரப்பர்ப் பந்தை அமுக்கும் பயிற்சி, சட்டைப் பொத்தான் போடும் பயிற்சி. எல்லாவற்றுக்கும் கோமதிதான் கூட இருந்தாள். தினமும் என் இடது கைக்கு எண்ணெய் போட்டு நீவிவிடுவாள். ஊன்றுகோல் இல்லாமல் வீட்டுக்குள் நடந்தேன். கதவு நிலையில் இடது தோள் இடிப்பதும் குறைந்தது.

ஒன்று மட்டும் மாறியிருந்தது. அது என்ன என்று எனக்கே தெரியாததால் யாரிடமும் சொல்லவில்லை. பாட்டிலிருந்து ராகத்தை எடுத்துவிட்டு வரிகளை மட்டும் வாசித்தால் எப்படி இருக்கும்? மனிதர்களின் பேச்சு எனக்கு அப்படி ஆகியிருந்தது. சொற்கள் முழுசாகக் காதில் விழுந்தன. ஆனால் எல்லாரும் ஒரே மாதிரி பேசினார்கள். கால் வலித்தால் வலி என்று தெரியும். இந்தக் குறை வலிக்கவே இல்லை.

கோமதிதான் முதலில் கேட்டாள். “உங்க குரலு ஏன் இப்படி ஆயிருச்சு? வானொலியில செய்தி வாசிக்கிற மாதிரி பேசுறீங்க.”

“நல்லாத்தான பேசுறேன்,” என்றேன்.

அந்தச் சமயத்தில் தெலுக் இந்தானில் இருந்த அவளுடைய அக்கா இறந்துபோனார். கோமதியை வளர்த்தவர் அவர். என்னால் அவ்வளவு தூரம் போக முடியாது என்று அவள் மட்டும் போய்க் காரியங்கள் முடிந்து திரும்பி வந்தாள். வந்தவள் பையைக்கூட உள்ளே வைக்காமல் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

“இனிமே தெலுக் இந்தான்ல எனக்கு யாரு இருக்கா,” என்றாள்.

நான் யோசித்தேன். “உன் அண்ணன் மகன் இருக்கான். கடத்தெருவுல உன் சித்தி வீடு இருக்கு. அக்கா மருமக இருக்கா. உன்கூடப் படிச்ச மேரி டீச்சரும் அங்கதான இருக்காங்க,” என்றேன். விரல் விட்டு எண்ணி, நான்கு பேர் என்றும் சொன்னேன்.

அவள் என்னை வெகுநேரம் பார்த்தாள். கணக்கில் யாரையாவது விட்டுவிட்டேனோ என்று நினைத்தேன்.

வீட்டுப் பக்கத்துக் கிளினிக்கில் இரத்த அழுத்தம் பார்க்கப் போனபோது, கோமதி தயங்கித் தயங்கிச் சொன்னாள். “டாக்டர், நான் சொல்றது இவருக்குப் புரியவே மாட்டேங்குது.” டாக்டர் சிரித்தார். “கல்யாணமான ஆம்பளைங்க எல்லாருக்கும் உள்ள வியாதிதான் அது. மாத்திர கெடையாது.” கோமதியும் சிரித்தாள் என்று ஞாபகம். அது எப்படிப்பட்ட சிரிப்பு என்று என்னால் சொல்ல முடியாது.

இதை ஏன் எழுதுகிறேன் என்றால், உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு சிரிப்போடு விஷயம் முடிந்துபோயிருக்கலாம். முப்பத்து நான்கு வருடம் ஒரு மனிதரோடு வாழ்ந்தவர் ‘முன்ன மாதிரி இல்லை’ என்று சொன்னால், அதை ஸ்கேன் மாதிரி மதிக்க வேண்டும்.

பிறகு அந்த நாள் வந்தது. காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு கோமதி என் முன்னால் வந்து நின்றாள்.

“நான் கொஞ்ச நாளு ஷாமினி வீட்டுக்குப் போயிரலாம்னு பாக்குறேன்.”

ஷாமினி எங்கள் ஒரே மகள். கிள்ளானில் தமிழ்ப் பள்ளி ஆசிரியையாக இருக்கிறாள்.

“போலாமே. காலையில எட்டரைக்கு பஸ் இருக்கு,” என்றேன்.

“நீங்க தனியா இருந்துக்குவீங்களா?”

“இருந்துக்குவேன்.”

அவள் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு உள்ளே போனாள். இரண்டு நாள் சமைத்துப் பெட்டி பெட்டியாகக் குளிர்ப் பெட்டியில் அடுக்கினாள். ஒவ்வொரு மூடியிலும் டேப் ஒட்டிக் கிழமையை எழுதினாள். என் மாத்திரைகளைக் காலை, மாலை என்று பிரித்து வைத்தாள். வாடகைக் கார் வந்தபோது அவள் பையை நான்தான் வலது கையால் தூக்கிக்கொண்டு போய் வைத்தேன். உதவியாக இருக்கிறோம் என்ற நினைப்பு எனக்கு.

கேட்டுக்கு வெளியே நின்று அவள் சொன்னாள். “அப்ப நான் போறேன்.”

“சரி, போ,” என்றேன்.

தமிழ் வீடுகளில் யாரும் அப்படிச் சொல்லிவிட்டுக் கிளம்புவதில்லை. கடைக்குப் போனாலும் ‘போயிட்டு வாரேன்’ என்பதுதான் பேச்சு. யாராவது வாய் தவறிப் போறேன் என்றால், போயிட்டு வாரேன்னு சொல்லு என்று திருத்துவோம். நான் அதைத் திருத்துவேன் என்று அவள் காத்திருந்தாள். கார்க் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, ஏறாமல் காத்திருந்தாள். நான் கதவைச் சாத்த வசதியாகத் தள்ளி நின்றேன்.

முதல் ஏழு வாரம் யாரும் வரவில்லை, தனியாக இருந்தேன்.

முதல் வாரம் பெட்டிகளில் எழுதியிருந்த கிழமைப்படி சாப்பிட்டேன். அதன் பிறகு, தெருமுனைச் சாப்பாட்டுக் கடையில் வாங்கி வந்தேன். தினமும் மாலை ஆறு மணிக்குக் கோமதியைக் கூப்பிடுவேன். “சாப்பிட்டீங்களா?” என்பாள். “சாப்பிட்டேன்” என்பேன். “மாத்திர?” “போட்டேன்.” “சரி” என்பாள். நானும் “சரி” என்பேன். ஒரு நிமிடம்கூட ஆகாது. கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லியாயிற்றே என்று ஃபோனை வைத்துவிடுவேன். வைத்த பிறகு வீடு முன்பைவிடக் காலியாக இருக்கும். ஏன் என்று தெரியாது.

தொலைக்காட்சியில் நாடகம் போட்டுப் பார்த்தேன். ஒருவர் பேசிக்கொண்டிருக்கும்போதே மற்றவர் அழ ஆரம்பித்தார். அவர் சொன்னதில் அழும்படி ஒன்றும் இல்லை. ‘ரொம்ப நல்லவன்டா நீ’ என்றுதான் சொன்னார். அழுதவர் அவரை அறைந்தார். அணைத்துவிட்டேன்.

காப்பிக் கடையில் பழைய நீதிமன்ற நண்பர்களோடு உட்கார்ந்தேன். அவர்கள் சிரித்தபோது நானும் சிரித்தேன், அரை நொடி பிந்தி. சில வாரங்களில் அவர்கள் என்னைக் கூப்பிடுவது குறைந்தது. மூன்று மொழி தெரிந்த நான், ஒரு மேசையில் நான்கு பேருக்கு நடுவே உட்கார்ந்து, பாஷை தெரியாத ஊரில் இறங்கியவனைப் போல இருந்தேன். எனக்குக் கோபம் வரவில்லை, வருத்தம் என்றும் சொல்ல முடியவில்லை. யாரும் என்னை வந்தடையவில்லை, நானும் யாரையும் போய் அடையவில்லை. அவ்வளவுதான்.

ஏழாவது வாரம், சனிக்கிழமை பகலில் ஷாமினி மட்டும் வந்தாள். கார்ச் சாவியை மேசை மேல் போட்டாள்.

“அப்பா, அம்மாவ நீங்க கூப்பிடவே மாட்டீங்களா?”

“தெனமும் கூப்பிடுறேனே. ஆறு மணிக்கு.”

“அந்தக் கூப்பிடுறது இல்லப்பா.”

“வேற எப்படிக் கூப்பிடணும்? காலையிலயா?”

ஷாமினி வகுப்பில் முப்பது பிள்ளைகளைப் பார்க்கிறவள். ஒரு பிள்ளை வேண்டுமென்று செய்கிறதா, உண்மையிலேயே தெரியாமல் செய்கிறதா என்று கண்டுபிடிப்பது அவள் தொழில். நாற்காலியை என் வலது பக்கமாக இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“அப்பா, என் மூஞ்சியப் பாருங்க. நான் இப்ப கோவமா இருக்கேனா, சாதாரணமா இருக்கேனா?”

பார்த்தேன். அது என் மகளின் முகம். கண், மூக்கு, நெற்றியில் பொட்டு எல்லாம் தெரிந்தன. அவ்வளவுதான் தெரிந்தது.

“தெரியலம்மா,” என்றேன்.

அதைச் சொன்ன பிறகுதான் நான் பயந்தேன். பக்கவாதம் வந்த அன்றுகூட அப்படிப் பயப்படவில்லை. ஷாமினி என் இடது கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். கண்ணீர் ஓடியதால் அழுகிறாள் என்று தெரிந்தது.

அவளே பெரிய ஆஸ்பத்திரியில் பேசி, பேச்சுப் பயிற்சிப் பிரிவில் இடம் வாங்கினாள். என் வாய் நன்றாகப் பேசுகிறதே, அங்கே எதற்கு என்று கேட்டேன். “பேசுறதுக்கு இல்லப்பா, கேக்குறதுக்கு,” என்றாள்.

அங்கே இருந்த பயிற்சியாளர் ஒரு மலாய்ப் பெண். புவான் ரொஸ்னா (புவான் என்றால் திருமதி). சிறிய அறை. என்னோடு வானிலை, மகளின் பள்ளிக்கூடம், பாசாரில் மீன் வரத்து என்று சாதாரணமாகப் பேசிக்கொண்டே இருந்தார். இடையில் ஒரு ஃபைலை எடுத்து விசிறிக்கொண்டு, “பானாஸ் பெத்துல் பிலிக் நி,” என்றார். இந்த அறை ரொம்பச் சூடாக இருக்கிறது என்று அர்த்தம்.

“ஆமாம்,” என்றேன். உண்மையிலேயே சூடாகத்தான் இருந்தது.

அவர் மறுபடியும் விசிறினார். வியர்வையைத் துடைத்தார். “ரொம்பச் சூடு,” என்றார் மலாயில். “மதியம் மழை வந்தால் குறையும்,” என்றேன் நானும் மலாயில்.

பிறகு அவர் மெல்லச் சொன்னார். காற்றாடியின் சுவிட்சு என் தோளுக்குப் பக்கத்தில், அதுவும் வலது பக்கத்தில்தான் இருக்கிறதாம். அறைக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் அவர் முதல் தடவை சொல்லும்போதே எழுந்து போட்டுவிடுவார்களாம்.

சுவிட்சைப் பார்த்தேன். அது அங்கே இருந்தது. அவர் அதைப் போடச் சொல்லவில்லையே என்றுதான் அப்போதும் தோன்றியது.

அவர் படம் வரைந்து விளக்கினார். மூளையின் இடது பக்கம் சொல்லைக் கேட்கிறது. அந்தச் சொல்லை யார், யாரிடம், எந்த இடத்தில், எந்தக் குரலில், என்ன முகத்தோடு சொன்னார்கள் என்பதைச் சேர்த்துப் பார்ப்பதில் வலது பக்கத்துக்குப் பெரிய பங்கு. எனக்கு அடிபட்டது அங்கே. குரல்பாவம் அறியாமை (சொல் புரிந்தும், குரலில் உள்ள கோபம், வருத்தம், கேலி பிடிபடாமல் போவது) என்று ஒன்றும், குறிப்பால் சொல்வதைக் குறிப்பாக எடுத்துக்கொள்ள முடியாமை என்று இன்னொன்றும் எனக்கு இருந்தன. பயிற்சியால் கொஞ்சம் திரும்பும். எவ்வளவு என்று சொல்ல முடியாது.

முப்பத்தோரு வருடம் இதற்குத்தான் எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள் என்று அவரிடம் சொன்னேன். அவர் ஒரு குவளையில் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார்.

பயிற்சிக்காக ஷாமினி தன் குரலில் ‘சரி’ என்ற ஒரே சொல்லைப் பல விதமாகப் பதிவு செய்து அனுப்பினாள். ஒப்புக்கொள்கிற சரி. கேள்வி கேட்கிற சரி. போதும், நிறுத்து என்கிற சரி. மனம் விட்டுப்போன சரி. இளம் வயதில் சட்டச் சொற்களை மனப்பாடம் செய்தது போல உட்கார்ந்து கேட்டேன். கேள்வி முதலில் பிடிபட்டது, கடைசியில் குரல் மேலே போகிறது. கோபம் பிறகு, சத்தம் வெட்டி நிற்கிறது. கடைசிச் சரிக்குப் பல வாரம் ஆயிற்று. அதில் ஒன்றும் ஏறவில்லை, ஒன்றும் வெட்டவில்லை. மூச்சு மட்டும் கொஞ்சம் நீளமாக வெளியே போகிறது.

அதைக் கண்டுபிடித்த அன்றுதான், ஆறு மணி ஃபோன்களில் கோமதி சொன்ன சரி எது என்று புரிந்தது.

ஷாமினியிடம் சொல்லிவிட்டுக் கிள்ளானுக்குப் புறப்பட்டேன். ரயிலில் கோலாலம்பூர் வரை, அங்கிருந்து இன்னொரு ரயில். தனியாகப் பயணம் செய்தது நோய்க்குப் பிறகு அதுதான் முதல் தடவை. இடது பக்கம் யாராவது மோதிவிடுவார்கள் என்று சுவரை ஒட்டியே நடந்தேன்.

கோமதி வாசலில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். உட்கார்ந்தேன். வழியெல்லாம் யோசித்து வைத்ததைச் சொன்னேன்.

“அன்னிக்கு நீ போறேன்னு சொன்னது, போகாதன்னு நான் சொல்றதுக்காகவா?”

அவள் மடித்துக்கொண்டிருந்த சட்டையை மடியில் வைத்தாள். “அத இப்ப வந்து கேக்குறீங்க.”

“எனக்கு அன்னிக்கு அது கேக்கல கோமதி. காதுல விழுந்துச்சு. கேக்கல.”

“ஷாமினி சொன்னா. படம் எல்லாம் காட்டுனா.” மடியில் இருந்த சட்டையை நீவிவிட்டாள். “அக்கா செத்து நான் வந்தப்ப நீங்க விரலு விட்டு எண்ணுனீங்க. அப்பவே எனக்குப் புருஷனும் போயிட்டாருன்னு நெனச்சேன்.”

பழைய நானாக இருந்தாலும் அதற்குப் பதில் கிடைத்திருக்காது.

“வீட்டுக்குப் போலாம், வா,” என்றேன்.

“யோசிக்கிறேன்.”

“யோசிக்கிறேன்னா, வர மாட்டேன்னு அர்த்தமா?”

“யோசிக்கிறேன்னா யோசிக்கிறேன்லா,” என்றாள். உதடு அசைந்தது. சிரிப்பா என்று கேட்க நினைத்து, கேட்காமல் விட்டேன்.

பத்து நாள் கழித்து வந்தாள்.

வந்த பிறகு எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதினால் அது பொய். அவள் எல்லாவற்றையும் வாய் விட்டுச் சொல்லப் பழகினாள். ‘எனக்கு வருத்தமா இருக்கு, பக்கத்துல உக்காருங்க.’ ‘இது வெளையாட்டுக்குச் சொன்னது.’ ‘இது கேள்வி இல்ல, கோவம்.’ புவான் ரொஸ்னா அப்படித்தான் செய்யச் சொல்லியிருந்தார். எனக்கு அது பெரிய உதவி. அவளுக்கு அது என்னவாக இருந்தது என்பதை ஒரு நாள் சொன்னாள்.

“எல்லாத்தயும் சொல்லிச் சொல்லிக் கேக்குறப்ப, வெளியாளு ஒருத்தர்கிட்டப் பேசுற மாதிரி இருக்குங்க. முன்னாடி நான் பாத்திரத்த வெக்கிற சத்தத்துலயே உங்களுக்குத் தெரியும்.”

அந்தப் பழைய மனிதனுக்காக அவள் ஏங்குகிறாள். நானும் அவனுக்காக ஏங்குகிறேன். இருவரும் ஒரே ஆளைத் தேடிக்கொண்டு ஒரே வீட்டில் இருக்கிறோம். இதைப் படிக்கும் துணைவர்களுக்கு ஒன்று சொல்வேன். வாய் விட்டுச் சொல்லுங்கள், ஆனால் அதில் உங்களுக்கு ஏற்படும் தனிமையையும் சேர்த்துச் சொல்லுங்கள். கேட்பவருக்கு அதுவும் தானாகத் தெரியாது.

என் உடம்பு இப்போது இரண்டு கடிகாரங்களில் ஓடுகிறது. வலது கை தேநீர்க் குவளையைத் தொட்டவுடன் சுடுகிறது என்கிறது. இடது கையால் தொட்டால் கொஞ்சம் பொறுத்துத்தான் சூடு வருகிறது. பேச்சும் அப்படித்தான். சொல் உடனே வந்துவிடுகிறது. அதன் பொருள் பின்னால் நடந்து வருகிறது, சில நேரம் ஒரு நிமிடம் பிந்தி, சில நேரம் ஒரு நாள் பிந்தி. முன்பெல்லாம் வராமலே போய்விடும். இப்போது வருகிறது.

போன மாதம் ஒரு நாள், காலை ஒன்பது மணிக்குக் கோமதி கேட்டாள். “இன்னிக்கு எங்கயாச்சும் போறீங்களா?”

“ஆமா, மருந்து எடுக்கணும்,” என்றேன். கிளம்பினேன்.

ஆஸ்பத்திரி மருந்தகத்தில் நம்பர் சீட்டை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தேன். எனக்கு முன்னால் நாற்பது பேருக்கு மேல் இருந்தார்கள். பலகையில் நம்பர்கள் மாறிக்கொண்டிருந்தன. வீட்டில் இன்னும் ஒரு வாரத்துக்கு மாத்திரை இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அது கோமதிக்கும் தெரியும், அவள்தானே பிரித்து வைக்கிறாள். அங்கிருந்து மெல்ல அந்தக் கேள்விக்குப் போனேன். கேட்கும்போது அவள் கையில் வேலை ஒன்றும் இல்லை. கேட்டுவிட்டு உள்ளே போகவும் இல்லை. என் நாற்காலியின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

ஃபோனை எடுத்தேன்.

“காலையில நீ கேட்டது, போகாதீங்கன்னு சொல்றதுக்கா?”

“ஆமா,” என்றாள்.

“ஏன்?”

“சும்மா.”

முகம் தெரியாத ஃபோனில் வந்த சும்மா. காரணம் இல்லாத சும்மாவா, காரணத்தைச் சொல்ல மனம் இல்லாத சும்மாவா, நீங்களே தெரிந்துகொள்ளுங்கள் என்கிற சும்மாவா? எனக்குத் தெரியவில்லை. நீதிமன்றமாக இருந்தால் சாட்சியை மறுபடி கேட்கச் சொல்லியிருப்பேன்.

சீட்டைப் பக்கத்தில் இருந்த சீன மூதாட்டியிடம் கொடுத்தேன். அவருடைய நம்பர் என்னுடையதற்கு இருபது நம்பர் பின்னால் இருந்தது. எழுந்து வீட்டுக்கு வந்தேன்.

கோமதி முன் அறையில் உட்கார்ந்திருந்தாள். தொலைக்காட்சி ஓடவில்லை. அவள் முகத்தைப் பார்த்தேன். அதில் ஏதோ இருந்தது. அதற்குப் பெயர் சொல்ல எனக்கு இன்னும் நேரம் ஆகும். கேட்கவில்லை. அவளுடைய இடது பக்கம் போய், அவள் என் வலது பக்கம் வரும்படி உட்கார்ந்தேன்.

மணி பதினொன்றரை. பகல் இன்னும் நிறைய மிச்சம் இருந்தது.